கெய்யோ, கேஜோ: ஃபின்லாந்து ஆண் பெயரும் சியோலின் காலனிக் காலப் பெயரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கே, ஈ, ஐ, ஜே, ஓ. ரோமன் எழுத்தில் இந்த ஐந்தும் இதே வரிசையில் வந்தால் அது ஃபின்லாந்து ஆண் ஒருவரின் பெயராக இருக்கலாம். ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்துச் சியோல் நகரமாகவும் இருக்கலாம். பழைய தபால் உறை, நூலகப் பட்டியல், போர்க்கைதிப் பதிவு, கார் பந்தய வரலாறு என்று எதைத் தேடப் போனாலும் இரண்டும் கலந்தே வந்து நிற்கும். அப்படிக் குழம்பியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். நகரத்தின் பக்கம் ஆவணங்கள் அதிகம், சிக்கலும் அதிகம் என்பதால் அதற்குக் கூடுதல் இடம் போயிருக்கிறது.

இரண்டும் ஒரே சொல்தானா?

இல்லை. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ஃபின்னியப் பெயர் முதலிலிருந்தே ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. அந்த ஐந்து எழுத்துகளே அதன் முழு வடிவம். நகரத்தின் பெயர் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்துக்குத் தலைநகர் என்று பொருள், இரண்டாவதற்கு மதில் அல்லது மதில் சூழ்ந்த நகர் என்று பொருள். அந்த இரண்டையும் ஜப்பானியர் வாசிக்கும் ஒலியை ரோமனில் எழுதும்போது கடைசி ஓ-வின் தலையில் ஒரு நெடில் கோடு போட வேண்டும். ரயில் அட்டவணை, தபால் முத்திரை, ஆங்கில நாளிதழ் ஆகியவற்றில் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் போட மாட்டார்கள். கோடு இல்லாமல் போனதும் இரண்டு சொற்களும் ஒன்றுபோல ஆகிவிட்டன. மொழி உறவு எதுவும் இதில் கிடையாது.

எப்படி உச்சரிப்பது? தமிழில் எப்படி எழுதுவது?

தமிழில் பலரும் ‘கெய்ஜோ’ என்று எழுதுகிறார்கள். அது இரண்டுக்குமே பொருந்தாது.

ஃபின்னிய மொழியில் ஜே எழுத்துக்கு ய ஒலிதான். ‘எய்’ என்ற கூட்டொலி அப்படியே நிற்கும், கடைசி ஓ குறில். கறாராக எழுதினால் ‘கெய்யொ’. குறில் ஒகரத்தில் முடிவது தமிழ்க் கண்ணுக்குப் பழக்கமில்லாததால் ‘கெய்யோ’ என்று எழுதலாம். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

ஜப்பானிய மொழியில் ‘எ’க்குப் பின் ‘இ’ வந்தால் பேச்சில் அது நீண்ட ஏகாரமாகிவிடும். கடைசி ஓ-வும் நெடில். ஆகவே ‘கேஜோ’. தமிழில் மெய்ஜி என்று நிலைத்துவிட்ட பேரரசர் பெயரும் ஜப்பானியர் வாயில் மேஜிதான். அது பழகிப்போனதால் அதை மாற்றத் தேவையில்லை.

அதே இரண்டு சீன எழுத்துகளைக் கொரியர் ‘கியொங்சொங்’ என்று வாசிப்பார்கள். கொரியத் தொடர்களைத் தமிழ் டப்பிங்கிலோ துணைத்தலைப்போடோ பார்ப்பவர்கள் ‘கியோங்சியோங்’, ‘கியங்சங்’ என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். 1920, 1930களின் சியோலில் நடக்கும் கதை என்றால் அந்தப் பெயர் இந்த நகரம்தான்.

ஃபின்லாந்தில் இந்தப் பெயர் யாருக்கு இருக்கும்?

ஆண்களுக்கு மட்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்தவர்களிடம் அதிகம், இன்று பிறக்கும் குழந்தைகளிடம் மிக அரிது. ஃபின்னியத்தில் ‘கெய்யு’ என்றால் கதைகளில் வரும் சிறகு முளைத்த குட்டித் தேவதை. பெயரின் வேரை அதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ரெய்யோ போன்ற, ஒலியில் ஒட்டிய பெயர்களும் அதே தலைமுறையில் பரவலாக இருந்தன.

உலகம் அறிந்த கெய்யோ, கார் பந்தய வீரர் கெக்கெ ரோஸ்பெர்க். முழுப்பெயர் கெய்யோ எரிக் ரோஸ்பெர்க், 1948 டிசம்பர் 6 அன்று ஸ்வீடனின் சோல்னாவில் பிறந்தவர். 1982இல் வில்லியம்ஸ் அணிக்காக ஓட்டி ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார், அப்பட்டத்தை வென்ற முதல் ஃபின்லாந்துக்காரர் அவர்தான். அந்தப் பருவத்தில் அவர் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு பந்தயத்தில். பெயர் ஸ்விஸ் கிராண்ட் ப்ரீ, ஓடியதோ பிரான்சின் டிஜோனில். 2016இல் பட்டம் வென்ற நிக்கோ ரோஸ்பெர்க் இவருடைய மகன். கெய்யோ என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கியதே கெக்கெ. தமிழில் அதை ‘கெகெ’ என்று ஒற்றைக் ககரத்தில் எழுதினால் நடுவில் உள்ள ஒலி மெலிந்துவிடும், அதனால் இரட்டித்து எழுதுவதே சரி.

அரசியலில் இருவர். கெய்யோ லீனமா 1975 ஜூன் முதல் நவம்பர் வரை இடைக்காலப் பிரதமர். ஐரோப்பியப் பாதுகாப்பு மாநாட்டின் ஹெல்சிங்கி இறுதி ஒப்பந்தம் கையெழுத்தான 1975 ஆகஸ்ட் 1 அவருடைய பதவிக்காலத்தில்தான் வந்தது. கெய்யோ கொர்ஹோனென் 1976–77இல் வெளியுறவு அமைச்சர், 1994 அதிபர் தேர்தலில் வேட்பாளர்.

இந்தப் பெயர் இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அறிய ஃபின்லாந்தின் மக்கள்தொகைப் பதிவு முகமை இணையத்தில் பெயர்த் தேடல் ஒன்றை இலவசமாக நடத்துகிறது. பிறந்த காலவாரியாகக் கணக்கு கொடுக்கும். முதல் பெயராக இருப்பதையும் நடுப்பெயராக இருப்பதையும் பிரித்துப் பார்க்க மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு ‘இவ்வளவு பேரா’ என்று வியப்பவர்கள் உண்டு.

ஃபின்னிய வாக்கியத்தில் வந்தால் ஆளா, ஊரா என்று எப்படித் தெரியும்?

ஏறக்குறைய எப்போதும் ஆள்தான். ஃபின்னியர் சியோலை இன்று ‘சோல்’ போன்ற ஒரு வடிவத்தில் எழுதுகிறார்கள். ரோமனில் அது எஸ், ஓ, யு, எல். ஆங்கிலத்தில் ஆன்மாவுக்கு எழுதும் அதே எழுத்துகள். தானியங்கி மொழிபெயர்ப்பு அங்கே சறுக்கினால் திகைக்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் உருபைப் பாருங்கள். தமிழைப் போலவே ஃபின்னியமும் பெயரின் வாலில் வேற்றுமை உருபை ஒட்டும். கெய்யோவின் என்பது ‘கெய்யொன்’, கெய்யோவுக்கு என்பது ‘கெய்யொல்லே’, கெய்யோவிடமிருந்து என்பது ‘கெய்யொல்தா’. ஆளுக்குக் கொடுப்பதும் ஆளிடம் வாங்குவதும் இந்த ல-கர உருபுகளில் வரும். அயல்நாட்டு ஊருக்குள் இருப்பதையும் ஊரிலிருந்து வருவதையும் ‘ஸ்ஸா’, ‘ஸ்தா’ என்ற ச-கர உருபுகள் சொல்லும். ‘கெய்யொஸ்ஸா’ என்று பழைய பத்திரிகையில் கண்டால் ஒரு நொடி நின்று சுற்றியுள்ள வரியைப் படியுங்கள், ஊராக இருக்க வாய்ப்புண்டு. தேடும்போது வடிவம் மாறும் என்பதால் முதல் ஐந்து எழுத்தைக் கொடுத்து, பின்னால் எது வந்தாலும் சரி என்று நட்சத்திரக் குறி போடுவது நல்லது.

சியோலுக்குக் கேஜோ என்ற பெயர் எப்போது வந்தது, எப்போது போனது?

கொரியாவை ஜப்பானோடு இணைக்கும் ஒப்பந்தம் 1910 ஆகஸ்ட் 22இல் கையெழுத்தாகி 29இல் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் ‘ஹன்சொங்’ என்ற அதிகாரப்பூர்வப் பெயர் நீங்கி கேஜோ வந்தது. மாறியது பெயர் மட்டும் அல்ல. அதுவரை அரசின் தலைநகராகத் தனித் தகுதியோடு இருந்த நகரம், சுற்றியுள்ள கியொங்கி மாகாணத்துக்கு அடங்கிய ஒரு ‘ஃபு’, அதாவது நகராட்சி, ஆக்கப்பட்டது. கொரியர்களுக்கு அந்த இறக்கம்தான் அதிகம் உறுத்தியிருக்கும் என்பது எங்கள் எண்ணம். ஆவணங்களில் ‘கேஜோ-ஃபு’ என்று பார்த்தால் அது நகராட்சியைக் குறிக்கிறது என்று கொள்ளுங்கள்.

1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. தென்கொரியப் பகுதிக்கான சரணாகதிப் பத்திரம் செப்டம்பர் 9இல் அதே நகரத்தில், ஜப்பானியத் தலைமை ஆளுநரின் மாளிகைக் கட்டடத்தில் கையெழுத்தானது. ஆனால் அன்றே பெயர் மாறிவிடவில்லை. சியோல் என்ற பெயர் நகராட்சி மட்டத்தில் உறுதியானது 1946இல், அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ். அதனால் 1946 தொடக்கத்துக் காகிதத்தில் கியொங்சொங் என்று இருந்தால் அது போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அது ஜப்பானியர் புதிதாகக் கட்டிய பெயரா?

சொல் பழையது, அதிகாரப்பூர்வப் பெயராக்கியது அவர்கள். ‘தலைநகர்’ என்ற பொதுப் பொருளில் அந்த இரண்டு எழுத்துகளை ஜப்பானியருக்கு முன் கொரியாவை ஆண்ட ஜொசொன் அரசர் காலத்திலேயே கொரியர் எழுதினார்கள். சியோல் என்ற தூய கொரியச் சொல்லுக்கும் தலைநகர் என்றே பொருள்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கேஜோ என்று இருந்தாலே 1910க்குப் பிந்தையது என்று முடிவு கட்டக் கூடாது. ‘கேஜோ நிப்போ’ நாளிதழ் 1906இலேயே தொடங்கிவிட்டது. இஞ்சொன் ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்கு 1900இல் வைத்த பெயரும் இதுதான்.

அப்படியானால் ‘கேஜோ நிலையம்’ என்பது இன்றைய சியோல் நிலையம்தானே?

ஆண்டைப் பொறுத்தது. 1900இல் அந்தப் பெயர் பெற்றது மேற்கு வாயிலுக்குப் பக்கத்தில் இருந்த நிலையம். 1905இல் அது ‘மேற்கு வாயில் நிலையம்’ ஆனது, 1919இல் மூடப்பட்டது. தெற்கு வாயிலுக்கு அருகில் இருந்த வேறொரு நிலையம், ஜப்பானிய வாசிப்பில் ‘நான்தைமொன்’, 1923இல் கேஜோ என்று பெயர் மாற்றம் பெற்றது. அதற்கான சிவப்புச் செங்கல் கட்டடம் 1922இல் தொடங்கி 1925 செப்டம்பரில் முடிந்தது. வடிவமைத்தவர் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் ட்சுகமோட்டோ யாசுஷி. சியோல் நிலையம் என்ற பெயர் 1947இல் வந்தது. 1903ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ‘கேஜோ நிலையம்’ என்று எழுதியிருக்கிறதே, குவிமாடத்தைக் காணோமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கியொங்சொங் என்று வடகொரியாவில் ஓர் ஊர் இருக்கிறதே?

இருக்கிறது, வடக்கு ஹம்கியொங் மாகாணத்தில். கொரிய எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சீன எழுத்தில் மட்டும் முதல் எழுத்து வேறு, அங்கே அது ‘கண்ணாடி’. கொரிய மொழித் தேடலில் கடற்கரை, வெந்நீர் ஊற்று என்று வந்தால் நீங்கள் வடக்கே போய்விட்டீர்கள்.

ஜப்பானியப் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. கேசொங் நகரம் அவர்கள் வாசிப்பில் ‘கைஜோ’. கேஜோவுக்கும் கைஜோவுக்கும் ரோமனில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஈ-க்குப் பதில் ஏ. மங்கிய முத்திரையில் இந்த இரண்டும் மாறிப்போவது சாதாரணம். பியோங்யாங் ‘ஹேஜோ’, இஞ்சொன் ‘ஜின்சென்’, பூசான் ‘ஃபுசான்’, டேகு ‘தைக்யூ’, வொன்சான் ‘கென்சான்’, கொரியா மொத்தமும் ‘சோசென்’. இந்தச் சிறு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் அந்தக் காலத்து ரயில் அட்டவணையை முழுதாகப் படித்துவிடலாம்.

ஆண்டு போடாத வரைபடத்தின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நல்ல வழி இருக்கிறது, ஏனென்றால் இந்த நகரம் 35 ஆண்டுகளில் பலமுறை உருமாறியது. முதலில் எல்லைக் கோட்டைப் பாருங்கள். 1914இல் நகரத்தைச் சுருக்கி, மதிலுக்கு வெளியே இருந்த பெரும்பகுதியைக் கோயாங் வட்டத்துக்குக் கொடுத்தார்கள். பரப்பு சுமார் 36 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. 1936 ஏப்ரலில் அதைச் சுமார் 134 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஹான் ஆற்றுக்குத் தெற்கே யொங்துங்போ நகர எல்லைக்குள் இருந்தால் வரைபடம் 1936க்குப் பிந்தையது.

அடுத்து, தெருப் பகுதிகளின் வால். 1914 முதல் 1936 வரை ஜப்பானியர் நிறைந்த தெற்குப் பகுதிகளில் ‘மாச்சி’ அல்லது ‘சோ’ என்றும், கொரியர் நிறைந்த வடக்குப் பகுதிகளில் ‘டோங்’ என்றும் பெயர்கள் முடியும். நடுவே ஓடும் சொங்க்யேசொன் ஓடை ஏறக்குறைய எல்லைபோல இருந்தது. 1936க்குப் பின் வடக்கிலும் டோங் போய் எல்லாமே ‘சோ’ ஆகிவிட்டது. வார்டு பிரிவுகள் இருந்தால் 1943 ஜூனுக்குப் பிந்தையது.

மூன்றாவதாகக் கட்டடங்கள். நம்சான் மலையில் சோசென் ஷின்டோ ஆலயம் இருந்தால் அது 1925க்குப் பிந்தைய நகரம். தலைமை ஆளுநர் மாளிகை கியொங்பொக் அரண்மனை வளாகத்துக்குள் முழுக் கட்டடமாக நின்றால் 1926க்குப் பின்; அதற்கு முன் அந்த அலுவலகம் நம்சான் அடிவாரத்தில் இருந்தது. நிலையத்தின் பெயர் நான்தைமொன் என்றால் 1923க்கு முன்.

இங்கே நடக்கும் தவறு ஒன்று: திட்ட வரைபடங்களை நிலவர வரைபடமாக எடுத்துக்கொள்வது. இன்னும் போடாத சாலைகளை நகராட்சித் திட்ட வரைபடங்களில் புள்ளிக் கோட்டிலோ சிவப்பு மையிலோ காட்டியிருப்பார்கள். அந்தக் கோடுகளை வைத்து ஆண்டைக் கணிக்காதீர்கள்.

பழைய முகவரியை இன்றைய இடத்தோடு எப்படிப் பொருத்துவது?

கடிதத்திலோ பெயரட்டையிலோ ‘கேஜோ, ஹொன்மாச்சி 2-சோமே’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹொன்மாச்சி அன்றைய ஜப்பானியர் கடைத்தெரு. 1946 அக்டோபரில் அந்தப் பெயர்களை ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். ஹொன்மாச்சிக்கு, ஜப்பானியக் கடற்படையை முறியடித்த தளபதி யி சுன்-சின்னின் பட்டத்தைக் கொண்டு சுங்முரோ என்று பெயர் வைத்தார்கள். கொகனேமாச்சி, 612இல் சீனத்துச் சுய் படையைத் தோற்கடித்த உல்ஜி முன்தொக்கின் பெயரால் உல்ஜிரோ ஆனது. ஷோவா-தோரி, கன்ஃபியூசிய அறிஞர் தொய்க்யேயின் பெயரால் தொய்க்யேரோ. மெய்ஜிச்சோ இன்று உலகமே பொருள் வாங்கப் போகும் மியொங்டோங்.

‘சோமே’ என்று முன்பு இருந்த பகுதி எண், பின்பு ‘கா’ ஆகியது. ஆகவே ஹொன்மாச்சி 2-சோமே என்பது சுங்முரோ 2-கா. அதற்குப் பின்னால் வரும் மனை எண்ணை எழுதிவையுங்கள். 1910களின் நில அளவையில் கொடுத்த மனை எண்களே பெரும்பாலும் தொடர்கின்றன, உட்பிரிவு எண் மட்டும் கூடியிருக்கலாம். கொரிய வரைபடச் செயலிகளில் புதிய பகுதிப் பெயரையும் மனை எண்ணையும் கொரிய எழுத்தில் கொடுத்தால் இடம் காட்டும். 2014 முதல் அங்கே சாலைப் பெயர் முகவரிதான் முதன்மை என்றாலும் மனை எண் தேடல் வேலை செய்கிறது.

எண் கிடைக்கவில்லையென்றால் மனைகளை ஒன்றாக இணைத்திருப்பார்கள் அல்லது அகலப்படுத்திய சாலைக்குள் போயிருக்கும். பக்கத்து எண்களை முன்னும் பின்னும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெரிய கட்டடத்தின் அடியில் முடியும்.

தபால் முத்திரையில் உள்ள தேதியை எப்படிப் படிப்பது?

ரோமனில் ஊர் பெயர் உள்ள முத்திரைகளில் பொதுவாக நமக்குப் பழக்கமான ஆண்டே இருக்கும். ஜப்பானிய எழுத்து முத்திரைகளில் பேரரசர் ஆண்டு வரும், வரிசை ஆண்டு, மாதம், நாள். மெய்ஜி ஆண்டோடு 1867, தைஷோ ஆண்டோடு 1911, ஷோவா ஆண்டோடு 1925 கூட்டுங்கள்.

ஆனால் முத்திரையில் எந்தப் பேரரசர் என்று எழுதியிருக்காது. ‘12.5.3’ என்றால் தைஷோ 12 ஆக, 1923 மே 3 ஆக இருக்கலாம். ஷோவா 12 ஆக, 1937 மே 3 ஆகவும் இருக்கலாம். 1910–45 காலத்தை எடுத்துக்கொண்டால் ஆண்டு எண் 43, 44, 45 என்றால் மெய்ஜி, 16 முதல் 20 வரை என்றால் ஷோவா, இரண்டிலும் ஐயமில்லை. 1 முதல் 15 வரை வந்தால்தான் சிக்கல். அப்போது ஒட்டியுள்ள தபால் தலை எந்த ஆண்டு வெளியானது, தபால் கட்டணம் எவ்வளவு என்று பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஷோவா 1 என்பது 1926 டிசம்பர் 25 முதல் 31 வரையான ஏழே நாள், அந்த எண்ணில் முத்திரை கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

தேடும்போது தேவையில்லாதவை வந்து குவிகின்றன. என்ன செய்வது?

எழுத்து வடிவங்கள் அனைத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். கோடு இல்லாமல், நெடில் கோட்டோடு, கூரைக் குறியோடு, கடைசியில் யு சேர்த்து. பலரும் விட்டுவிடுவது இன்னொன்று: 1937இல் ஜப்பான் அரசு வேறொரு ரோமன் முறையை அதிகாரப்பூர்வமாக்கியது. அதில் ஜே கிடையாது, இசட்-ஒய் வரும். 1930களின் கடைசியில் வந்த அரசு வெளியீடுகளில் ‘கேஜோ’ அந்த உருவத்தில் ஒளிந்திருக்கும்.

ஜப்பானிய நூலகப் பட்டியலில் ஒலியெழுத்தில் தேடினால் ‘வடிவம்’, ‘கணக்கில் சேர்த்தல்’, ‘மரண தண்டனை நிறைவேற்றும் இடம்’ என்ற சொற்களெல்லாம் வரும். அத்தனைக்கும் ஒலி ஒன்றே. சீன எழுத்துகளை நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். வேறு எழுத்துகளால் ஆன ஒரு மாங்காத் தொடரும் (ஜப்பானியச் சித்திரக்கதை) ரோமனில் இதே உருவத்தோடு இருக்கிறது, 2016இல் அனிமேயாகவும் (அசைபடம்) வந்தது. பல ஆச்சரியக்குறிகளோடு வந்தால் அது அதுதான், கழித்துவிடலாம்.

நிறுவனப் பெயரோடு தேடுவது எல்லாவற்றையும்விட நல்ல பலன் தரும். ‘கேஜோ தேக்கோக்கு தைகாக்கு’ என்றால் பேரரசுப் பல்கலைக்கழகம். 1924இல் முன்படிப்பும் 1926இல் சட்டம்-இலக்கியம், மருத்துவத் துறைகளும் தொடங்கின. ஜப்பானியப் பேரரசுப் பல்கலைக்கழகங்களில் ஆறாவது. 1946இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வானொலி என்றால் ஜே.ஓ.டி.கே. என்று தேடுங்கள். டோக்கியோ, ஒசாகா, நகோயா நிலையங்களுக்கு அடுத்த அழைப்புக் குறி அது, ஒலிபரப்பு தொடங்கியது 1927 பிப்ரவரி 16.

அந்தக் காலக் கட்டடங்களில் எவற்றை இன்றும் பார்க்கலாம்?

1925இன் ரயில் நிலையம் 2011 முதல் ‘கல்ச்சர் ஸ்டேஷன் சியோல் 284’ என்ற கலை அரங்கு. பெயரில் உள்ள 284 என்ற எண், அது பெற்ற வரலாற்றுச் சின்ன வரிசை எண். 1926இல் கட்டிய நகராட்சி அலுவலகம் 2012 முதல் பெருநகர நூலகம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். டோக்கியோ நிலையத்தை வடிவமைத்த தட்சுனோ கிங்கோவின் 1912ஆம் ஆண்டுக் கட்டடம், அன்று சோசென் வங்கி, இன்று கொரிய வங்கியின் நாணய அருங்காட்சியகம். அதற்கு எதிரில் 1930இல் திறந்த மிட்சுகோஷி கடையின் கட்டடத்தில் இப்போது ஷின்செகே கடை. நான்கும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன.

தலைமை ஆளுநர் மாளிகையை இனி பார்க்க முடியாது. விடுதலையின் 50ஆம் ஆண்டு நிறைவான 1995 ஆகஸ்ட் 15இல் அதன் கோபுர முடியைக் கழற்றி இடிக்கத் தொடங்கினார்கள். முடியும் சில துண்டுகளும் சொனானில் உள்ள விடுதலை மண்டப வளாகத்தில் கிடக்கின்றன. 1925இல் கட்டிய விளையாட்டரங்கம் இருந்த இடத்தில் 2014 முதல் டோங்தேமுன் வடிவமைப்பு மையம்.

சிங்கப்பூரில் பிடிபட்ட போர்க்கைதியின் அட்டையில் இந்தப் பெயர் ஏன் வருகிறது?

1942 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து சுமார் ஆயிரம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளை ஃபுக்கை மாரு என்ற கப்பலில் ஏற்றினார்கள். செப்டம்பரில் பூசானில் இறக்கி, கேஜோவுக்கும் ஜின்சென்னுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அட்டையில் ‘சோசென்’ என்பது முகாம் இருந்த நாடு, கேஜோ என்பது ஊர். அதே காலத்தில் சிங்கப்பூருக்கே ‘சியோனான்’ என்று பெயர் மாற்றியிருந்ததால், ஒரே ஆளின் கோப்பில் இரண்டு ஊரும் ஜப்பானியப் பெயரில் இருக்கும். இன்றைய பெயரில் தேடினால் இரண்டும் கிடைக்காமல் போகலாம்.

ஃபின்லாந்துக்கும் அந்தக் காலக் கொரியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஒரு மொழியியலாளர் வழியாக. ஜி. ஜே. ராம்ஸ்டெட் 1920களில் ஜப்பானுக்கான ஃபின்லாந்துத் தூதராக டோக்கியோவில் இருந்தார். அங்கே கொரியர் ஒருவரிடம் மொழி கற்று, 1939இல் ஹெல்சிங்கியில் கொரிய இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேற்குலகில் கொரிய மொழி ஆய்வுக்கு அது அடித்தளமாக அமைந்தது. பெயர் ஒற்றுமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்று சியோலைக் கேஜோ என்று எழுதலாமா?

இன்றைய நகரத்தைக் குறித்து எழுதக் கூடாது. கொரியர்களுக்கு அது அடிமைக் காலத்து ஆட்சியாளர் வாயில் இருந்த பெயர். நேரில் சொன்னால் முகம் மாறும். வரலாறு எழுதும்போது நாங்கள் பின்பற்றும் வழக்கம் இது: பொதுவாகச் சியோல், அந்தக் காலச் சூழலைச் சுட்ட வேண்டிய இடத்தில் கொரிய வாசிப்பான கியொங்சொங், ஜப்பானிய நிறுவனம், ஆவணம், முத்திரை ஆகியவற்றின் பெயரில் மட்டும் கேஜோ. முதல் தடவை வரும்போது ஆண்டையும் கூடவே எழுதிவிட வேண்டும். சீன மூலங்களைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2005 வரை சீனர்கள் இந்த நகரத்தை, 1910க்கு முந்தைய ஹன்சொங் என்ற பெயரின் சீன வாசிப்பான ‘ஹான்செங்’ என்றே எழுதிவந்தார்கள். சியோல் நகராட்சி கேட்டுக்கொண்ட பிறகே ‘ஷோவ்அர்’ என்ற வடிவம் வந்தது. ஆகவே 1930ஐப் பற்றிப் பேசும் சீன நூலில் ஹான்செங் என்று இருந்தால் அது ஆசிரியர் எழுதிய காலத்துப் பெயர், கேஜோவின் காலத்துப் பெயர் அல்ல.